விமான இருக்கைகளுக்கு மோதல் சோதனை: அதிர்ச்சி விசை அளவிடப்படுவது எப்படி?

விபத்தில் விமானம் தரையில் மோதும்போது இருக்கை பெயராமல் இருந்தால் மட்டும் போதாது. தீ பரவும் முன் பயணி தானே எழுந்து வெளியேறும் நிலையிலும் இருக்க வேண்டும். இதை உறுதிசெய்யவே விமான இருக்கைகள் மோதல் சோதனைக்கு உட்படுத்தப்படுகின்றன.

16 ஜி விதி

'ஜி' என்பது புவியீர்ப்பு முடுக்கத்தைக் குறிக்கும் அலகு. முன்னோக்கிய திசையில் 9 ஜி விசையை அசைவற்ற நிலையில் தாங்கும் இருக்கைகளே முன்பு ஏற்கப்பட்டன. 1988-ஆம் ஆண்டு அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம், புதிய விமான வடிவமைப்புகளுக்கு 16 ஜி மோதல் சோதனையைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டு விமான நிறுவனங்களின் பயணிகள் சேவைக்காக 2009 அக்டோபர் 27 முதல் தயாரிக்கப்படும் பெரிய விமானங்களுக்கும் இது விரிவுபடுத்தப்பட்டது.

இரண்டு சோதனைகள்

முதல் சோதனையில், தண்டவாளத்தில் ஓடும் மேடையில் பொருத்தப்பட்ட இருக்கை, முன்னோக்கிய மோதலுக்கு உள்ளாகிறது. வேக மாற்றம் விநாடிக்கு குறைந்தது 13.4 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 48 கி.மீ. விசை 0.09 விநாடிக்குள் 16 ஜி உச்சத்தை எட்ட வேண்டும். விபத்தில் தரைத்தளம் வளைவதை ஒத்திருக்க, இருக்கையைத் தாங்கும் தண்டவாளங்கள் முன்கூட்டியே 10 பாகை திருப்பப்படுகின்றன. இரண்டாவது சோதனை கீழ்நோக்கிய மோதலுக்கானது. அதன் உச்சம் 14 ஜி.

பதிவு முறை

இருக்கையில் 77 கிலோ எடையுள்ள சோதனைப் பொம்மை அமர்த்தப்படுகிறது. அதன் தலையில் முடுக்கமானிகளும், இடுப்பு முதுகெலும்பு, தொடை எலும்புப் பகுதிகளில் விசை உணரிகளும் பொருத்தப்படுகின்றன. இவற்றின் மின் சமிக்ஞைகள் விநாடிக்குப் பல்லாயிரம் முறை பதிவாகின்றன. அதிவேக கேமராக்கள் உடலின் அசைவைப் படம்பிடிக்கின்றன.

பதிவான சமிக்ஞையில் கருவியின் அதிர்வுகளும் கலந்திருக்கும். அவற்றை அளவுக்கு மீறி வடிகட்டினால் உண்மையான உச்சம் மறைந்துவிடும். வடிகட்டாமல் விட்டால் வெற்று அதிர்வும் விசையாகத் தோன்றும். எனவே தலை, தொடை, மேடை என ஒவ்வொன்றுக்கும் தனி வடிகட்டல் தரம் வரையறுக்கப்பட்டுள்ளது. வெவ்வேறு ஆய்வகங்களின் முடிவுகளை ஒப்பிடவும் இதுவே உதவுகிறது.

வரம்புகள்

முதுகெலும்பில் விழும் விசை 680 கிலோவையும், ஒவ்வொரு தொடை எலும்பிலும் விழும் விசை 1,021 கிலோவையும் தாண்டக் கூடாது. தலைக் காயக் குறியீடு 1,000-க்கு மேல் செல்லக் கூடாது. தலை உணரும் முடுக்கத்துடன், அது நீடிக்கும் நேரத்தையும் சேர்த்து இக்குறியீடு கணக்கிடப்படுகிறது.

இருக்கைக்குச் சிறிதும் சேதமில்லாவிட்டாலும், முன்னிருக்கையில் தலை மோதி இக்குறியீடு வரம்பைத் தாண்டினால் அந்த இருக்கைக்கு ஒப்புதல் கிடைக்காது.