சும்மா படுத்திருந்தாலும் உடல் எரிக்கும் கலோரி எவ்வளவு? கணக்கிடுவது எப்படி?

நாம் தூங்கும்போதும் இதயம் துடிக்கிறது, நுரையீரல் சுவாசிக்கிறது, மூளை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவை ஓய்வின்றி வேலை செய்கின்றன. இப்படி உயிர் வாழ்வதற்கு மட்டும் உடல் செலவிடும் சக்தியே ஓய்வுநிலைக் கலோரி. அதிகம் நடமாடாத ஒருவரின் ஒரு நாள் சக்திச் செலவில் 60 முதல் 70 விழுக்காடு இதற்கே போய்விடுகிறது.

மலேசியாவில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. எனவே, சாப்பாட்டு அளவை முடிவு செய்ய இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

கணக்கிடும் முறை

1919-இல் வெளிவந்த ஹாரிஸ்-பெனடிக்ட் சூத்திரம் பழையது. 1990-இல் வந்த மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரமே இன்று பரவலாகப் பயன்படுகிறது.

1. எடையை (கிலோ) 10-ஆல் பெருக்குங்கள்.
2. உயரத்தை (சென்டிமீட்டர்) 6.25-ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள்.
3. வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள்.
4. ஆண் என்றால் 5 கூட்டுங்கள். பெண் என்றால் 161 கழியுங்கள்.

கிடைக்கும் எண்ணை வேலைக்கு ஏற்பப் பெருக்கினால் ஒரு நாள் தேவை தெரியும்: பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தால் 1.2, கொஞ்சம் நடந்தால் 1.375, கடும் உடலுழைப்பு என்றால் 1.725.

ஓர் உதாரணம்

தோட்டத்தில் பால்மரம் சீவிய ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அப்போது வயது 32, உயரம் 155 செ.மீ., எடை 55 கிலோ. ஓய்வுநிலைக் கலோரி சுமார் 1,198. உழைப்பையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு சுமார் 2,066.

இன்று பட்டணத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். வயது 52, எடை 68 கிலோ. ஓய்வுநிலைக் கலோரி சுமார் 1,228. ஆனால், நாள் முழுவதும் தேவைப்படுவது சுமார் 1,473 மட்டுமே.

"வயசாயிடுச்சு, அதான் உடம்பு போடுது" என்று பலரும் சொல்வார்கள். ஆனால், இவருக்கு ஓய்வில் எரியும் கலோரி குறையவே இல்லை, குறைந்தது உழைப்புதான். ஏறக்குறைய 590 கலோரி வித்தியாசம். ஒரு ரொட்டி சானாய் சுமார் 300 கலோரி. அதாவது, தோட்டத்தில் சாப்பிட்ட அதே அளவை இன்றும் சாப்பிட்டால், தினமும் இரண்டு ரொட்டி சானாய் கூடுதலாக உள்ளே போவதற்குச் சமம்.

கவனிக்க வேண்டியவை

இது மதிப்பீடு மட்டுமே. 10 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம். இச்சூத்திரம் அமெரிக்காவில் 498 பேரை அளந்து உருவாக்கப்பட்டது. கர்ப்பிணிகள், சிறுவர்கள், தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

ஒரு கிலோ தசை ஓய்வில் நாளொன்றுக்கு சுமார் 13 கலோரி எரிக்கும். ஒரு கிலோ கொழுப்பு 4.5 மட்டுமே. பட்டினி கிடந்தால் தசையும் கரையும். ஆகவே, ஓய்வுநிலைக் கலோரிக்கும் கீழே சாப்பாட்டைக் குறைக்காமல், தினமும் நடப்பதே நல்லது.

இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாகவே சாப்பாட்டைக் குறைத்தால், இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாக இறங்கக்கூடும். அவர்கள் இந்தக் கணக்கை எழுதி எடுத்துச் சென்று, கிளினிக்கில் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ காட்டிய பிறகே மாற்றம் செய்ய வேண்டும்.