பழக்கமா, அடிமையா?

புகையிலையைப் பற்றிய அறிக்கைகளை மொழிபெயர்க்க நேரும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அதனை விட முடியாத நிலையைப் ‘பழக்கம்’ என்பதா, ‘அடிமைப்படுதல்’ என்பதா? இத்தயக்கம் மூல நூல்களிலேயே இருந்தது. 1964-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் வெளியிட்ட அறிக்கை, ஆடவருக்கு நுரையீரற் புற்றுநோயைச் சிகரெட்டு விளைவிக்கிறது என்று துணிந்து கூறியது. ஆயினும் அதனைப் பழக்கம் என்றே குறித்தது. 1988-இல் அப்பதவியிலிருந்த எவரெட் கூப் வெளியிட்ட அறிக்கையோ அடிமைப்படுதல் என்று எழுதிற்று. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் நேர்ந்தது என்ன?

1828-இல் ஹைடல்பர்க் நகரில் போசெல்ட், ரைமன் என்ற இருவர் புகையிலையிலிருந்து நிகோடினைப் பிரித்தெடுத்தனர். நரம்பு அனுப்பும் செய்தியைப்போல நடித்து அது சுரப்பிகளை ஏமாற்றும். அட்ரினல் சுரப்பி அட்ரினலினைச் சொரியும், நாடி விரையும். 1945-இல் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் பர்னும் அவருடன் உழைத்தோரும் மற்றொன்று கண்டனர். நிறையத் தண்ணீர் அருந்தியவர் புகைத்ததும் சிறுநீர் குறைந்தது. பிட்யூட்டரியின் பின்பகுதி தன் ஹார்மோனை வெளியிட்டதே காரணம்.

எனினும் சுரப்பி இயங்கியதனாலேயே மனிதன் அடிமை என்றாகிவிடாது. நம்மவர் காப்பியும்தான் நெஞ்சைத் துடிக்க வைக்கிறது!

ஐயத்தைத் தீர்க்க உதவியவற்றுள் ஒன்று, 1981-இல் கோல்ட்பர்க் முதலியோர் அணிற்குரங்குகளைக் கொண்டு செய்த சோதனை. குரங்கு ஒரு விசையை அழுத்த அழுத்த, சிறு விளக்கொன்று மின்னும். சிற்சில வேளைகளில் அவ்வொளியோடு நிகோடினும் இரத்தக் குழாயில் இறங்கும். குரங்குக்கு நண்பரின் வற்புறுத்தல் இல்லை. திரைப்பட நாயகனின் ஒயிலும் அதற்குத் தெரியாது. இருந்தும் ஓயாமல் அழுத்திற்று. நிகோடினுக்குப் பதிலாக வெறும் உப்புநீரைச் செலுத்தியபோது வேகம் வெகுவாகத் தளர்ந்தது. நிகோடினின் செயலைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோதும் அவ்வாறே. வியப்பு என்னவெனில், அந்த விளக்கொளியை மட்டும் நிறுத்தியபோதும் வேகம் குன்றியதுதான். மருந்தோடு சேர்ந்த ஒளியும் மருந்தைப்போலவே இழுத்திருக்கிறது.

இதைப் படித்தபோது என் தாய்மாமன் நினைவுக்கு வந்தார். மும்முறை சிகரெட்டை விட்டவர், மும்முறையும் மீண்டவர். வைராக்கியம் இல்லாதவர் என்று வீட்டில் ஏசினோம், நானுந்தான். தில்லிக் குளிரில் ஒருநாள் பேருந்துக்காக நின்றோம். அருகில் எவரோ தீக்குச்சி உரசினார். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கைமட்டும் வெறுமையான சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தது.