சேலம், நாமக்கல் சமவெளியின் சிற்றூர்ப் புகைப்பட ஸ்டுடியோக்கள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளி ஊர்களில் 20-ஆம் நூற்றாண்டில் பரவிய சிறு புகைப்படக் கடைகள் மக்கள் வழக்கில் ‘ஸ்டுடியோ’ அல்லது ‘போட்டோ கடை’ எனப்படுகின்றன. முன்னால் ஒரு சிறு வரவேற்பிடம், நடுவில் திரை தொங்கும் படப்பிடிப்பு அறை, பின்னால் ஓர் இருட்டறை என்பது இவற்றின் பொது அமைப்பு. ராசிபுரம், ஆத்தூர், ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி, திருச்செங்கோடு, பரமத்தி வேலூர் போன்ற ஊர்களில் இவை சுற்றுப்புறக் கிராமங்களை நம்பி நடந்தன. திருமணம், சீர், காதுகுத்து, சாவு ஆகியவற்றுக்கும், உரிமம், பத்திரம், விண்ணப்பம் போன்ற காகிதத் தேவைகளுக்கும் படம் எடுத்துத் தந்தன.

உழவர், நெசவாளர், லாரித் தொழிலாளர் குடும்பங்களின் முகங்கள் அரசு ஆவணங்களில் அரிதாகவே உள்ளன. அவற்றைப் பதிவு செய்தவை இக்கடைகளே. அப்பதிவின் மூலப்படிகளான நெகட்டிவ்கள் பெரும்பாலும் கடைக்காரர்களிடமே தங்கிவிட்டன. கடை மூடப்படும்போது அவையும் மறைகின்றன.

பின்னணி

1839-ல் பிரான்சிலும் இங்கிலாந்திலும் அறிவிக்கப்பட்ட புகைப்படக் கலை, விரைவிலேயே இந்தியத் துறைமுக நகரங்களை வந்தடைந்தது. சென்னையில் 1850-ல் கலைப்பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியால் 1856-ல் சென்னைப் புகைப்படச் சங்கம் உருவானது. அதே ஆண்டில் கேப்டன் லினேயஸ் டிரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களைக் கொண்டு அவர் எடுத்த படங்கள் 1858-ல் பல தொகுதிகளாக வெளியாயின. அவற்றுள் ஒன்று ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டுவது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அப்போது சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. சில ஆண்டுகளிலேயே, இது வீண்செலவு எனக் கருதி ஆளுநர் சார்லஸ் டிரெவல்யன் டிரைப்பின் பணியை நிறுத்தினார்.

டிரைப்பின் கேமரா முதன்மையாக நாடியவை கோட்டைகள், பாறைகள், கோயில்கள். மக்கள் முகங்கள் பின்னர் இனவரைவு நூல்களில் இடம்பெற்றன. எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரி ஆகியோரின் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய 7 தொகுதிகள் 1909-ல் வெளிவந்தன. அவற்றில் படமாக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தம் பெயரால் அன்றிச் சாதியின் பெயரால் குறிக்கப்பட்டனர். சிற்றூர் ஸ்டுடியோ இந்த உறவைத் தலைகீழாக்கியது. அங்கே படம் கேட்டவரும், பணம் கொடுத்தவரும், எப்படி உட்கார வேண்டும் என்று முடிவு செய்தவரும் படத்தில் இருப்பவரே.

நகரத்திலிருந்து சிற்றூருக்கு

தொடக்ககால ஈரக் கண்ணாடித் தகட்டு முறையில் தகட்டைப் பூசி, ஈரம் காயும் முன்பே படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். இதனால் ஸ்டுடியோக்கள் சென்னை போன்ற பெருநகரங்களில், ஐரோப்பியரையும் ஜமீன்தார்களையும் நம்பியே நடந்தன. 1870-களின் இறுதியில் விற்பனைக்கு வந்த ஜெலட்டின் உலர் தகடு இந்நிலையை மாற்றியது. ஆலையில் தயாரான தகட்டைப் பெட்டியில் வாங்கி வைத்து, வேண்டியபோது பயன்படுத்த முடிந்தது. சென்னையிலிருந்து வந்த ரயில் பாதை 1861-லேயே சேலத்தை எட்டியிருந்ததால் தகடு, காகிதம், ரசாயனப் பொருள்களை வரவழைப்பது எளிதாயிற்று.

சேலத்தில் படத்தொழிலுக்கு மதிப்பைக் கூட்டியது மாடர்ன் தியேட்டர்ஸ். டி. ஆர். சுந்தரம் 1930-களின் நடுவில் ஏற்காடு சாலையில் நிறுவிய இப்படநிறுவனம், முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) ஆகியவற்றைத் தயாரித்தது. திரைநடிகர்களின் நிற்கும் முறை, முகத்தில் பக்கவாட்டு ஒளி, தூண்களும் மாடிப்படிகளும் தீட்டப்பட்ட பின்திரை ஆகியவை திரையரங்குச் சுவரொட்டிகள் வழியாகச் சிற்றூர் ஸ்டுடியோக்களுக்கும் வந்தன.

கடை தொடங்குதல்

ஸ்டுடியோ தொடங்குபவர் பெரும்பாலும் வேறொரு கடையில் சில ஆண்டுகள் கையாளாக இருந்து தொழில் கற்றவர். இருட்டறையில் தட்டு கழுவுவதில் தொடங்கி, பிரிண்ட் போடுதல், நெகட்டிவைத் திருத்துதல் எனப் படிப்படியாகச் சென்று கடைசியில்தான் கேமரா கைக்கு வரும். தனிக்கடை வைக்கும்போது நான்கு தேவைகளை அவர் எதிர்கொள்ள வேண்டியிருந்தது: கேமரா, ஒளி, தண்ணீர், மூலப்பொருள்.

கேமரா: இறக்குமதிக் கேமராக்களின் விலை சிறு கடைக்கு எட்டாததாக இருந்தது. 1940-களில் கேரளத்தின் ஆலப்புழையில் கே. கருணாகரன் உருவாக்கிய ‘வாகீஸ்வரி’ என்னும் மரக் கேமரா இந்தியா முழுவதும் ஸ்டுடியோக்களுக்குச் சென்றது. இசைக்கருவி பழுதுபார்க்கும் குடும்பத்தைச் சேர்ந்த அவர், ஒரு கேமராவின் துருத்தியைச் சரிசெய்யப் போய்க் கேமராவையே செய்யக் கற்றவர். முக்காலியில் நிற்கும் இக்கேமராவின் பின்னால் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உருவத்தைப் பார்த்துப் படம் எடுப்பர். பின்னர் 120 அளவுச் சுருள் ஃபிலிம் கேமராக்கள் பரவின. வெளியூர் விசேஷங்களுக்குக் கொண்டுபோக இவை வசதியாக இருந்தன.

ஒளி: மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. அங்கு நீர்மின் உற்பத்தி 1937-ல் தொடங்கியது. ஆயினும் கிராமங்களுக்கு மின்சாரம் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. மின்சாரம் இல்லாத இடத்தில் கூரையின் ஒரு பகுதியில் கண்ணாடி பதித்து, வெள்ளைத் துணியால் வெயிலைத் தணித்துப் படம் எடுத்தனர். மழை மூட்டமான நாளில் தொழில் நின்றுவிடும். மின்சாரம் வந்த பிறகே இரவு முகூர்த்தங்களும், பெரிதாக்கிய படங்களும் இயல்பாயின.

தண்ணீர்: கறுப்பு வெள்ளைப் படத்தொழிலின் அடிப்படை தண்ணீர். உருத்துலக்கும் கரைசல் ஏறத்தாழ 20 பாகை செல்சியஸில் சரியாக வேலை செய்யும். சேலம் சமவெளியில் சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் இதைவிடப் பல பாகை சூடாக இருக்கும். சூட்டில் ஜெலட்டின் இளகி ஃபிலிமின் படலம் சுருங்கவோ உரியவோ கூடும். எனவே மண்பானையில் தண்ணீரை ஆறவைத்து, இரவிலோ விடியற்காலையிலோ கழுவுவது வழக்கம். ஹைப்போ எனப்படும் நிலைநிறுத்தும் உப்பு முழுதும் நீங்கும்வரை படத்தை அலச வேண்டும். அலசல் குறைந்தால் படம் சில ஆண்டுகளில் மஞ்சளாகிவிடும். கிணறு வற்றும் கோடையில் இது செலவான வேலை. உப்புநீர் ஊர்களில் காய்ந்த நெகட்டிவில் வெள்ளைத் திட்டுகள் படிந்தன.

மூலப்பொருள்: ஃபிலிமும் புரோமைடு காகிதமும் நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்தே வந்தன. உதகமண்டலத்தில் 1960-ல் தொடங்கப்பட்டு 1967-ல் உற்பத்தியில் இறங்கிய பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமையும் காகிதத்தையும் வழங்கியது. அப்போதும் ஃபிலிமைச் சிக்கனமாகவே செலவிட்டனர். 120 சுருளில் சதுரப் படம் 12 மட்டுமே எடுக்கலாம். ஒருவர் படம் எடுத்துக்கொண்டால் சுருள் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால், எடுத்த பகுதியை மட்டும் இருட்டில் வெட்டிக் கழுவித் தருவர். ஒரே படத்திற்காக வெட்டுவதில் ஃபிலிம் வீணாகும் என்பதால் அவசரப் படத்திற்கு விலை கூடுதல்.

வாடிக்கையாளரும் நம்பிக்கையும்

படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சம் தமிழகக் கிராமங்களில் நீண்டகாலம் இருந்தது. முதியவர்கள் பலர் வாழ்நாளில் படமே எடுத்துக்கொள்ளாமல் இறந்தனர். அத்தகையோரை இறந்தபின் நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, மாலையிட்டு, குடும்பத்தார் சூழ நின்று எடுக்கும் சாவுப்படம் ஸ்டுடியோக்காரரின் வழக்கமான வேலைகளில் ஒன்று. எந்த நேரத்தில் அழைத்தாலும் சைக்கிளில் கேமராவைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். அப்படத்திலிருந்து முகத்தை மட்டும் பிரித்து, நெகட்டிவில் பென்சிலால் கண்களைத் திறந்தவைபோலத் தீட்டி, சட்டமிட்டுத் தருவதும் உண்டு. வீட்டுச் சுவரில் பொட்டு வைத்து வணங்கப்பட்ட பல படங்கள் இவ்வாறு உருவானவை.

மணப்பெண் தேடலில் ஜாதகத்தோடு படமும் அனுப்பும் வழக்கம் பரவியபோது, இளம்பெண்கள் வீட்டாருடன் ஸ்டுடியோவுக்கு வரத் தொடங்கினர். நெகட்டிவ் கடையிலேயே இருப்பதால் அதிலிருந்து எத்தனை பிரதிகளும் எடுக்க முடியும். ஆகவே பெண்ணின் படம் வேறு கைக்குப் போகாது என்ற உறுதி பெற்றோருக்குத் தேவைப்பட்டது. அறிமுகமான ஆள், குடும்பஸ்தர், சொல் காப்பாற்றுபவர் என்ற பெயர்தான் சிற்றூர் ஸ்டுடியோவின் முதன்மையான முதலீடு. இந்தப் பெயர் ஒருமுறை கெட்டால் அந்த ஊரில் கடை நடத்த முடியாது. வெளியூர்க்காரர் தொடங்கும் கடைகளைவிட உள்ளூர்க்காரரின் கடைகள் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முகத்தை வெளுப்பாக்கித் தருவதும் வாடிக்கையாளர் எதிர்பார்த்த சேவை. நெகட்டிவில் முகப்பகுதியில் சிவப்புச் சாயத்தை மெல்லத் தடவினால் அங்கே ஒளி குறைவாகப் புகும். எனவே பிரிண்டில் முகம் வெளுத்துத் தெரியும். இதனால் நிறத்தைப் பொறுத்தவரை ஸ்டுடியோ படங்களை நேரடிச் சான்றாகக் கொள்ள முடியாது. அவர்கள் எவ்வாறு தோன்ற விரும்பினர் என்பதற்கே அவை சான்று.

காகிதத் தேவைகள்

திருமணங்கள் முகூர்த்த மாதங்களில் மட்டுமே வரும். ஆடியிலும் மார்கழியிலும் கடை வாடகையைக் கொடுத்தவை சிறு அளவுப் படங்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரித் தொழிலும் ஆழ்துளைக் கிணற்று வண்டித் தொழிலும் வளர்ந்தபோது ஓட்டுநர் உரிமத்திற்கான படங்கள் நிலையான வருமானமாயின. 2001-ல் பதிவுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 32ஏ பிரிவு, பத்திரப்பதிவின்போது தரப்பினரின் படத்தையும் கைரேகையையும் கட்டாயமாக்கியது. சொத்து வாங்குவோரும் விற்போரும் படம் எடுக்க வேண்டியதாயிற்று. சார்பதிவாளர் அலுவலகம், வட்டார போக்குவரத்து அலுவலகம் ஆகியவற்றின் அருகில் ஸ்டுடியோக்கள் குவிந்ததன் பொருளாதாரக் காரணம் இதுவே.

அரசே நேரடியாகப் படம் எடுக்கத் தொடங்கியபோது இவ்வருமானம் குறைந்தது. 1993-ல் டி. என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது வாக்காளர் புகைப்பட அடையாள அட்டைக்கு ஆணையிடப்பட்டது. 2010-ல் தொடங்கிய ஆதார் பதிவில் கணினியோடு இணைந்த சிறு கேமராவே போதுமானதாயிற்று.

வண்ணப்படமும் இருட்டறையின் முடிவும்

கறுப்பு வெள்ளையில் எடுப்பதும் கழுவுவதும் அச்சிடுவதும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. 1980-களிலும் 1990-களிலும் வண்ண ஃபிலிம் பரவியபோது இது முறிந்தது. வண்ண ஃபிலிமைத் துலக்க ஏறத்தாழ 38 பாகை வெப்பத்தை மிகத் துல்லியமாகக் காக்க வேண்டும். அதற்கான இயந்திரத்தின் விலை சிறு கடைக்குக் கட்டுப்படியாகாது. சுருள்கள் பேருந்தில் சேலம், ஈரோடு போன்ற நகரங்களின் கலர் லேப்களுக்குப் போய், படங்களாகத் திரும்பின. ஸ்டுடியோக்காரரின் கைத்திறனில் பாதி தேவையற்றதாயிற்று. வருமானத்தில் ஒரு பங்கும் லேபுக்குச் சென்றது. படத்துடன் நெகட்டிவையும் வாடிக்கையாளரிடமே கொடுக்கும் வழக்கமும் அப்போது பரவியது.

எண்முறைக் கேமராவும் கணினியும் 2000-களில் வந்தபோது பல கடைகள் வீடியோ, ஆல்பம் வடிவமைப்பு, ஃபிளக்ஸ் பதாகை ஆகியவற்றுக்கு மாறின. மாறாதவை மூடப்பட்டன.

நெகட்டிவ்களின் கதி

மூடப்பட்ட கடைகளின் நெகட்டிவ்கள் பலவிதமாக அழிந்தன. கண்ணாடித் தகடுகளைச் சுரண்டிக் கழுவிப் படச்சட்டத்திற்குப் பயன்படுத்தினர். ஃபிலிம்களை அவற்றிலுள்ள வெள்ளிக்காக எடைக்கு விற்றனர். எஞ்சியவை ஈரத்திலும் வெப்பத்திலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

இவ்விழப்பைக் கருதி, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் நிதியுதவியுடன், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோ படங்களைத் தேடி எண்மமாக்கியது. இதுபோன்ற மீட்புகளின் மதிப்புக்கு வெளிநாட்டுச் சான்றுகளும் உள்ளன. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலச் சிற்றூரான ஹீபர் ஸ்பிரிங்ஸில் ஸ்டுடியோ நடத்திய மைக் டிஸ்ஃபார்மர் 1959-ல் இறந்தார். அவருடைய கண்ணாடி நெகட்டிவ்களை உள்ளூர்க்காரர் ஒருவர் வாங்கி வைத்திருந்ததால், 1970-களில் அவை அமெரிக்க உழவர் வாழ்வின் அரிய ஆவணமாக அறியப்பட்டன. மாலி நாட்டின் பமாக்கோவில் 1948-ல் ஸ்டுடியோ திறந்த செய்டு கெய்டாவின் படங்கள் 1990-களில் உலகக் கவனம் பெற்றதும், அவருடைய நெகட்டிவ்கள் காக்கப்பட்டிருந்ததாலேயே.

நெகட்டிவ் மட்டும் எஞ்சினால் போதாது. படத்தின் எண், எடுத்த நாள், கொடுத்தவரின் பெயர், ஊர் ஆகியவற்றை ஸ்டுடியோக்காரர் ஒரு பேரேட்டில் குறித்து வைப்பார். பேரேடு பழைய காகிதத்தோடு எடைக்குப் போய்விட்டால், தர்ஸ்டனின் தொகுதிகளில் நின்றவர்களைப் போலவே இவர்களும் பெயரில்லாத முகங்களாகிவிடுவர். சேலம், நாமக்கல் சமவெளியில் பழைய ஸ்டுடியோ ஒன்று மூடப்படும்போது கேமராவைவிட முதலில் காக்கப்பட வேண்டியவை நெகட்டிவ் பெட்டியும் அந்தப் பேரேடும் ஆகும்.