தீக்குச்சியும் பாரஃபின் மெழுகும்

பாரஃபின் மெழுகு என்பது பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் திண்ம ஹைட்ரோகார்பன்களின் கலவை ஆகும். பெரும்பாலும் 20 முதல் 40 வரை கார்பன் அணுக்கள் கொண்ட ஆல்கேன்கள் இதில் உள்ளன. மெழுகுவத்தியில் இருப்பதும், சிவகாசித் தீக்குச்சியில் கண்ணுக்குத் தெரியாமல் ஊறியிருப்பதும் இதுவே.

வரலாறு

தீக்குச்சித் தலையிலுள்ள மருந்து நொடிப்பொழுதில் எரிந்து முடிந்துவிடும்; அதற்குள் மரக்குச்சி நன்றாகத் தீப்பற்றாது. தீயைத் தலையிலிருந்து மரத்துக்குக் கொண்டுசெல்ல இடையில் ஓர் எரிபொருள் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குச்சிகளைக் கந்தகத்தில் தோய்த்தனர். அது எரியும்போது மூச்சைத் திணறவைக்கும் கந்தக டைஆக்சைடு வெளிவந்தது.

1830-இல் ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ரைசன்பாக் மரத்தாரிலிருந்து பாரஃபினைப் பிரித்தார். அமிலத்தோடும் காரத்தோடும் எளிதில் வினைபுரியாததால், ‘குறைந்த நாட்டம்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களால் அதற்குப் பெயர் அமைந்தது. பின்னர் பெட்ரோலியத் தொழில் வளர்ந்ததும் மெழுகு மலிவானது. இந்தியாவில் 1901-இல் தொடங்கிய அசாமின் டிக்பாய் சுத்திகரிப்பு ஆலை மெழுகு உற்பத்திக்குப் பெயர் பெற்றது.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். 1923-இல் சிவகாசியில் உற்பத்தி தொடங்கியது. சட்டங்களில் அடுக்கிய குச்சிகளின் முனையை முதலில் உருகிய மெழுகிலும், பிறகு மருந்திலும் முக்குவார்கள்.

பள்ளி ஆய்வகத்தில்

ஹைட்ரோகார்பன் எரிவதைக் காட்டும் சோதனைக்கும் மெழுகே ஏற்றது. பெட்ரோலின் ஆவி பூஜ்யத்துக்கும் கீழே சுமார் 40 பாகை செல்சியசிலேயே தீப்பற்றக்கூடியது. எனவே வகுப்பறையில் அதைத் திறப்பதே ஆபத்து. மண்ணெண்ணெய்க்கு அந்த வெப்பநிலை ஏறக்குறைய 40 பாகை. விருதுநகர் வட்டாரக் கோடை வெயில் அதை எட்டிவிடும். மெழுகுக்கோ சுமார் 200 பாகை வேண்டும். ஆகவே திரி இல்லாத மெழுகுக் கட்டி தீக்குச்சியால் எளிதில் பற்றாது.

எரியும் மெழுகுவத்தியின் மேல் உலர்ந்த, குளிர்ந்த கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்துப் பிடித்தால் உட்புறத்தில் நீர்த்துளிகள் படியும்; அது ஹைட்ரஜன் எரிந்ததற்குச் சான்று. குவளையை எடுத்து உடனே சுண்ணாம்புநீர் ஊற்றிக் குலுக்கினால் பால்போல் மாறும். அது கார்பன் எரிந்ததற்குச் சான்று. மெழுகை உருக்க நேர்ந்தால் நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தே உருக்க வேண்டும். தீப்பற்றிய மெழுகில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் எரியும் மெழுகு தெறிக்கும். பாத்திரத்தை மூடியே அணைக்க வேண்டும்.