எவரெஸ்டுக்கும் ஒரு ஷிப்மென்ட் தேதி உண்டு

ஆர்டர் பிடிப்பது பெரிதில்லை, தேதிக்கு அனுப்புவதுதான் பெரிது என்று திருப்பூரில் யாரும் சொல்வார்கள். கப்பல் கிளம்பும் நாளை முதலில் எழுதிக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். செக்கிங் எப்போது முடியணும், கட்டிங் எப்போது, சாயப்பட்டறையிலிருந்து துணி எப்போது வரணும், நூல் எப்போது... நடுவில் ஒரு வாரம் நழுவினால் சரக்கை விமானத்தில் ஏற்ற வேண்டியதுதான். லாபம் அதோடு சரி.

எவரெஸ்ட் ஏறப் போனவர்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். அங்கே கப்பல் மே மாதக் கடைசியில் கிளம்பும். தவறினால் விமானம் கிடையாது!

அதென்ன மே மாதம்? குளிர்காலம் முழுக்க எவரெஸ்ட் உச்சி மேலடுக்கு வேகக் காற்றுக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறது. மனிதனைத் தூக்கி எறியும் காற்று. கோடை முற்றும்போது அந்தக் காற்று வடக்கே நகர்கிறது. பிறகு ஜூனில் பருவமழை வந்துவிடும். நமக்கு மழை, அங்கே புதுப்பனி. காற்று போய், மழை வராத சில நாட்கள்தான் ஏறுவதற்குக் கிடைக்கும்.

இதை ஆரம்பத்தில் போனவர்கள் உயிரைக் கொடுத்துத்தான் கற்றார்கள். 1922-ல் பிரிட்டிஷ் அணி இரண்டு முறை முயன்று தோற்றபின் மூன்றாவதாக ஒரு முயற்சி செய்தது. தேதி ஜூன் 7. புதுப்பனி சரிந்து ஏழு சுமைதூக்கிகள் இறந்தார்கள். 1924-ல் மே மாதப் பனிப்புயல்கள் அணியைக் கீழே விரட்டின. மேலோரியும் இர்வினும் கடைசியாகக் கண்ணில் பட்டது ஜூன் 8. மேலோரியின் உடல் 1999-ல்தான் கிடைத்தது.

அவர் உடம்பில் இருந்த துணி திருப்பூர்க்காரர்களுக்கு சுவாரசியமான விஷயம். பருத்தி, பட்டு, கம்பளி என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்கு, மேலே காற்றுத் தடுப்புக்கு கபர்டீன். 2006-ல் அதேபோல நெய்து, தைத்து, எவரெஸ்டிலேயே போட்டுப் பார்த்தார்கள். நினைத்ததைவிட நன்றாகவே இருந்ததாம். 1922 அணியில் ஃபின்ச் என்பவர் வாத்து இறகு அடைத்த கோட் ஒன்றைத் தைத்துக்கொண்டு போனார். இன்றைய மலையேறிகள் போடும் இறகுக் கோட்டுக்கு அது முன்னோடி. அந்த 1920-களில்தான் நம் ஊரில் பனியன் பின்னும் இயந்திரங்கள் வந்து இறங்கின. ஆனால் பேரில் பனி இருந்தாலும் பனியனுக்குப் பனி ஆகாது. பருத்தி வேர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கும், அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். இன்று உள்ளே போடுவதற்கு பாலியஸ்டர் வந்துவிட்டது, அது சீக்கிரம் காயும்.

துணி கிடக்கட்டும், தேதிக்கு வருவோம். ஹிலாரியும் டென்சிங்கும் உச்சி தொட்டது 1953 மே 29. அதற்குப் பின் இந்தியா முயன்றது. 1960-ல் பிரிகேடியர் கியான் சிங் தலைமையில் முதல் அணி. கணிசமான சாமான்கள் உள்நாட்டில் செய்தவை. மே 25 அன்று மூன்று பேர் 28,300 அடி வரை போனார்கள். உச்சி 29,028 அடி என்பது அன்றைய கணக்கு. காற்று விடவில்லை, திரும்பினார்கள். 1962-ல் ஜான் டயஸ் தலைமையில் மறுபடி. மே 30 அன்று 28,600 அடி. மிச்சம் சுமார் 400 அடிதான்! இங்கே அது ஒரு தெருவின் நீளம்கூட இல்லை. அங்கே பல மணி நேர வேலை. திரும்பிய அந்த மூவரில் ஒருவர் கடற்படை அதிகாரி எம்.எஸ். கோலி.

1965 அணிக்கு அவரே தலைவர். பிப்ரவரி கடைசியில் பீகார் எல்லையில் உள்ள ஜெயநகரிலிருந்து நடை. சுமார் 800 சுமைதூக்கிகள், 25 டன் சாமான். மே மாதம் ஏறுவதற்கு பிப்ரவரியில் எதற்குக் கிளம்பணும்? பின்னோக்கி எண்ணினால் புரியும். உச்சிக்கு முன் மேல் முகாம்கள், அவற்றுக்குச் சாமான் ஏற்ற ஏப்ரல், அடிமுகாம் போட மார்ச், அங்கே நடந்து சேர சில வாரங்கள். காற்று மெலிந்த இடத்துக்கு உடம்பு பழகவும் வாரக்கணக்காகும். அதைப் பணம் கொடுத்துச் சுருக்க முடியாது.

ஏப்ரல் கடைசியிலேயே ஒரு முயற்சிக்குத் தயாராகி மேலே போனார்கள். வானிலை கெட்டது. கோலி எல்லோரையும் அடிமுகாமுக்கு இறக்கிவிட்டார். இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்தார்கள். ஏற்கெனவே இரண்டு முறை தோற்ற நாடு, மூன்றாவது தடவை, நாள் ஓடுகிறது, பருவமழை நெருங்குகிறது. 1962-ல் மே 30 வரை இழுத்தடித்து என்ன ஆனது என்று தெரிந்த மனிதர் இப்படி உட்கார்ந்தார் என்பதுதான் இதில் பெரிய விஷயம். கனமான சாமானைத் தூக்குவதைவிட அந்தக் காத்திருப்பு கனமாக இருந்திருக்கும்.

காற்று ஓய்ந்தது. மே 20 அன்று சீமாவும் நவாங் கோம்புவும் உச்சியில். கோம்பு 1963-ல் அமெரிக்க அணியோடு ஏறியவர், எவரெஸ்டை இரண்டு முறை தொட்ட முதல் மனிதர். மே 22-ல் சோனம் கியாட்சோ, சோனம் வாங்யால். கியாட்சோ 1960, 1962 இரண்டிலும் உச்சிக்கு அருகில் போய்த் திரும்பியவர். மே 24-ல் வோரா, ஆங் காமி. மே 29-ல் அலுவாலியா, ராவத், பூ டோர்ஜி மூவரும் ஒன்றாக. பத்து நாளில் ஒன்பது பேர். ஒரே அணியில் ஒன்பது பேர் என்ற சாதனை 17 வருடம் நின்றது.

இன்றைக்கு செயற்கைக்கோள் வானிலை, இறகுக் கோட், கட்டி வைத்த கயிறு எல்லாம் உண்டு. தேதி மட்டும் மாறவில்லை. விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறியது 2023-ல். அதுவும் மே 23.