கிள்ளினால் பெருகும் கடற்சாமந்தி: பவளத் தொட்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கும் நண்பர் ஒருவரின் நான்கறை வீட்டில், வரவேற்பறைச் சுவரோரம் மூன்றடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்று உள்ளது. இரண்டு கோமாளி மீன்கள், சில மென்பவளங்கள், நீல விளக்கு. வேலை முடிந்து வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

புதிதாக வாங்கிய பவளத் துண்டின் அடியில் ஒருநாள் பழுப்பு நிறத்தில் பூப்போல ஒன்று விரிந்திருந்தது. முதலில் ரசித்தார். அருகிலிருந்த பவளம் சுருங்கத் தொடங்கியதும் இடுக்கியை எடுத்துப் பிய்த்துப் போட்டார். இரண்டு மாதத்தில் ஒன்று இருந்த தொட்டியில் இருபதுக்கும் மேல் முளைத்திருந்தன.

பவளத் தொட்டி வளர்ப்போர் பலரும் ஒருமுறையாவது செய்யும் தவறு இது. அந்தப் ‘பூ’ உண்மையில் ஒரு விலங்கு. கடற்சாமந்தி வகையைச் சேர்ந்தது. மீன் கடைகளில் அனிமோன் என்பார்கள். அதை எப்படிக் கட்டுப்படுத்துவது, எதைச் செய்யவே கூடாது என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

தொல்லை தருபவை இரண்டு

எல்லாக் கடற்சாமந்தியும் களையல்ல. கோமாளி மீன் குடியிருக்கும் பெரிய வகைகளைக் காசு கொடுத்து வாங்கி வளர்க்கிறோம். தொட்டியில் தொல்லை தருபவை பெரும்பாலும் இரண்டு வகை.

முதலாவது ஐப்டேசியா. மெல்லிய தண்டு, அதன் உச்சியில் நீளமான கூர்நுனி இழைகள். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பழுப்பு உடல். சிறிய பனைமரம் ஒன்று கல்லில் முளைத்ததுபோல் இருக்கும். உலகின் வெப்பக் கடல்கள் பலவற்றிலும் இது உண்டு.

இரண்டாவது மஞ்சானோ. குட்டையாக, தடித்து இருக்கும். இழைகளின் நுனி உருண்டு காணப்படும். பச்சை, பழுப்பு நிறங்களில் வருவதால் பலர் இதை அழகுக்கென்றே விட்டுவைத்து, பிறகு வருந்துவதுண்டு.

நடவடிக்கையில் இறங்குமுன் ஒன்றைச் சரிபாருங்கள். விசிறிபோல் விரியும் குழாய்ப் புழுக்களையும் புதியவர்கள் ஐப்டேசியா என்று நினைத்துவிடுவர். நிழல் பட்டதும் குழாய்ப் புழு நொடியில் தன் குழாய்க்குள் மறையும். குழாய் மட்டும் வெளியே தெரியும். அது தீங்கற்றது. தண்ணீரை வடிகட்டி உண்பதால் தொட்டிக்கு நல்லதும்கூட.

ஏன் இப்படிப் பெருகுகிறது?

ஐப்டேசியா பெருக, ஆணும் பெண்ணும் சேர வேண்டும் என்பதில்லை. அதன் அடிப்பாதம் கல்லின்மேல் நகரும்போது சிறு துணுக்குகளை விட்டுச்செல்லும். ஒவ்வொரு துணுக்கும் சில வாரங்களில் முழு உயிராக வளர்ந்துவிடும். நாம் பிய்க்கும்போது நடப்பதும் இதுதான். தண்டு கையோடு வரும். பாதத்தின் சிதறல்கள் கல் இடுக்கில் தங்கிவிடும்.

சீண்டினால் கொட்டும் உயிரணுக்கள் நிறைந்த வெண்ணிற நூல்களை உடலிலிருந்து வெளியே வீசும். பக்கத்திலுள்ள பவளம் வாடுவதற்கும் சிறு மீன்கள் விலகிப் போவதற்கும் இத்தகைய கொட்டுதல்தான் காரணம்.

பட்டினி போட்டும் இதைக் கொன்றுவிட முடியாது. பவளங்களைப் போலவே இதன் உடலுக்குள்ளும் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துத் தருகின்றன. விளக்கை அணைத்தால் நுண்பாசிகள் குறைந்து உடல் வெளுக்கும். ஆனாலும் தண்ணீரில் கிடைக்கும் இரையைப் பிடித்துத் தின்று உயிர் தாங்கும். விளக்கில்லாமல் முதலில் துன்பப்படுவது நம் பவளங்கள்தான்.

இந்தப் பிடிவாதமே அறிவியலாளர்களுக்கு வசதியாகிவிட்டது. பவளங்களுக்கும் நுண்பாசிகளுக்கும் உள்ள உறவை ஆராய, ஆய்வுக்கூடங்களில் ஐப்டேசியாவை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். 2015ல் இதன் மரபணுத் தொகுப்பும் வெளியிடப்பட்டது. கடல்நீர் சூடாகிப் பவளங்கள் வெளுப்பது ஏன் என்பதற்கான விடையை, நாம் வீட்டில் சபிக்கும் இந்த உயிரிடமும் தேடுகிறார்கள்.

முதல் வழி: சுண்ணாம்பு

பத்துக்கும் குறைவாக இருந்தால் ஒவ்வொன்றாகக் கொல்வதே எளிது. இதற்குக் கடைகளில் ஆயத்த மருந்துகள் உண்டு. கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, விலை குறைந்த மாற்று. லிட்டில் இந்தியாவில் வெற்றிலையில் தடவித் தரும் சுண்ணாம்பும் அடிப்படையில் இதே பொருள்தான். ஆனால் அதில் வேறு பொருள்களும் கலந்திருக்கலாம். தொட்டிக்கென விற்கப்படும் தூய தூளையே வாங்குங்கள்.

செய்முறை இதுதான். தூளைச் சிறிதளவு சுத்திகரித்த நீரில் தோசை மாவுப் பதத்தில் கரைத்துக்கொள்ளுங்கள். நீரோட்டத்தை உண்டாக்கும் மோட்டார்களை நிறுத்துங்கள். கூரில்லா ஊசி பொருத்திய சிரிஞ்ச்சில் கரைசலை எடுத்து, கடற்சாமந்தியைத் தொடாமல் அதன் வாயின் மேல் மெதுவாக விடுங்கள். இரை என்று நினைத்து அது விழுங்க வேண்டும். ஊசி இடித்தால் உள்ளே சுருங்கிக்கொள்ளும். அன்றைக்கு அதை விட்டுவிடுங்கள். விழுங்கிச் சுருங்கியதும் அது இருந்த துளையையும் கரைசலால் மூடுங்கள். கால் மணி நேரம் கழித்து மோட்டார்களை இயக்கலாம்.

சுண்ணாம்பு தண்ணீரின் காரத்தன்மையை உயர்த்தும். ஆகவே சிறிய தொட்டியில் ஒரே நாளில் நான்கைந்துக்கு மேல் வேண்டாம். கரைசல் பக்கத்துப் பவளத்தின்மேல் வழியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் சுண்ணாம்பு புண்ணாக்கிவிடும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது.

ஒரே சுற்றில் வேலை முடியாது. ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். அதே இடத்தில் குட்டிகள் முளைத்திருக்கலாம். மீண்டும் செய்யுங்கள். எலுமிச்சைச் சாறு, கொதிநீர் ஆகியவற்றை ஊசியால் செலுத்துவோரும் உண்டு. எதைச் செலுத்தினாலும் பாதம் வரை அழிந்தால்தான் பயன்.

இரண்டாம் வழி: தின்னும் உயிர்கள்

எண்ணிக்கை கைமீறிவிட்டால் இயற்கை எதிரிகளை நாட வேண்டும்.

பெப்பர்மின்ட் இறால்: சிவப்புக் கோடுகள் ஓடும், ஒளி ஊடுருவும் சிறு இறால். சிறிய ஐப்டேசியாக்களை இரவில் தின்னும். சில இறால்கள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மீனுக்குப் போடும் தீனியே வயிற்றை நிரப்பிவிட்டால் வேட்டையாடாது. முதுகில் கூனும் வெள்ளைக் கோடுகளும் கொண்ட ஒட்டக இறாலைத் தவறுதலாக வாங்கிவிடாதீர்கள். அது பவளங்களையே கொத்தித் தின்னக்கூடியது.

பெர்கியா: ஓடில்லாத சிறு கடல் நத்தை. ஐப்டேசியாவைத் தவிர வேறு எதையும் தின்னாது என்பதால் பவளங்களுக்கு ஆபத்தில்லை. ஒன்றிரண்டு போதாது, தொட்டியின் அளவுக்கேற்பப் பலவற்றை விட வேண்டும். பலன் தெரியச் சில மாதங்கள்கூட ஆகலாம். இரை தீர்ந்ததும் அவையும் மடிந்துவிடும். இறாலும் சில மீன்களும் இவற்றைத் தின்றுவிடும் என்பதால் இறாலையும் பெர்கியாவையும் ஒரே நேரத்தில் விடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதற்குச் சமம். மஞ்சானோவை இது தொடாது.

செம்புப்பட்டை வண்ணத்துப்பூச்சி மீன்: நீண்ட மூக்கும் ஆரஞ்சுப் பட்டைகளும் கொண்டது. நம் தென்தீவுகளின் பவளப் பாறைகளில் இயற்கையாகவே வாழும் மீன் இது. கல் இடுக்கில் மூக்கை நுழைத்து ஐப்டேசியாவைக் கொத்தும். ஆனால் பெரிய, பழகிய தொட்டியில்தான் தாக்குப்பிடிக்கும். புதிய தொட்டியில் தீனி எடுக்காமல் இறந்துபோவது வழக்கம். களை பிடுங்குவதற்காக மட்டும் ஒரு மீனை வாங்கிப் பட்டினியில் சாகவிடுவது நியாயமில்லை.

கிளாத்தி மீன் இனத்தில் ஒரு சிறு வகையும் ஐப்டேசியாவைத் தின்னும். சில சமயம் அது பவளங்களையும் கடித்துப் பார்க்கும்.

கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள்

பொறுமை இழந்தவர்களுக்குத் தோன்றும் யோசனை ஒன்று: கல்லை வெளியே எடுத்துப் பானையில் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டால் எல்லாம் செத்துவிடுமே! உயிருக்கே ஆபத்தான யோசனை இது.

காரணம் கடற்சாமந்தியல்ல. அதே கல்லில் ஒட்டியிருக்கக்கூடிய பாலிதோவா, சோவாந்திட் வகைப் பொத்தான் பவளங்கள். இவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஹவாயில் கிடைத்த பாலிதோவாவிலிருந்து 1971ல் அறிவியலாளர்கள் இதைப் பிரித்தெடுத்தனர். கொதிக்க வைத்தால் இந்த நஞ்சு அழிவதில்லை. ஆவியோடு கலந்து அறைக்குள் பரவும். சுடுநீர் ஊற்றித் தேய்ப்பதும், நீராவி அடிப்பதும், காய்ந்த கல்லைச் சுரண்டுவதும்கூட ஆபத்தே.

2018ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட்ஷியர் வட்டாரத்தில் ஒருவர் வீட்டில் தொட்டியைச் சுத்தம் செய்தபோது பவளத்திலிருந்து நஞ்சு வெளிப்பட்டது. குடும்பத்தினரும் உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

சன்னல் அடைத்துக் குளிர்சாதனம் ஓடும் வீவக வீட்டில் இப்படி ஒன்று நடந்தால், அடுத்த அறையில் தூங்கும் குழந்தையும் பாட்டியும் அதே காற்றைத்தான் சுவாசிப்பார்கள். பவளத்தைக் கையாண்ட பிறகு இருமல், மூச்சுத் திணறல், காய்ச்சல், தசைவலி, வாயில் உலோகச் சுவை ஆகியவை தென்பட்டால் உடனே எல்லாரும் அறையை விட்டு வெளியேற வேண்டும். 995ஐ அழைத்து, பவளத் தொட்டியைக் கையாண்டதை மறவாமல் சொல்லுங்கள். மருத்துவர் சளிக்காய்ச்சல் என்று நினைத்துவிடாதிருக்க அந்த ஒரு தகவல் உதவும்.

கல்லை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் அதில் பொத்தான் பவளங்கள் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையென்றால் மூடியுள்ள வாளியில் நன்னீரில் பல நாள் ஊறவைத்துக் கழுவலாம். மூடி முக்கியம். திறந்த வாளி நன்னீர், ஏடிஸ் கொசுவுக்கு நாமே கட்டித்தரும் வீடு.

வாசலிலேயே தடுப்போம்

இவ்வளவு பாடும் தேவைப்படாமல் இருக்க வழி உண்டு. ஐப்டேசியா தானாக வருவதில்லை. புதிய கல்லோடும் பவளத்தோடும் நாம்தான் கொண்டுவருகிறோம்.

பவளம் வாங்கும்போது அது ஒட்டப்பட்டுள்ள அடிக்கட்டையைத் திருப்பிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பவளத்தை அந்தக் கட்டையிலிருந்து பிரித்து, புதிய கட்டையில் ஒட்டுங்கள். பெரும்பாலான ஐப்டேசியா பழைய கட்டையில்தான் ஒளிந்திருக்கும். பூச்சிகளை அகற்றும் மருந்துநீரில் முக்கியெடுப்பது மற்ற தொல்லைகளுக்கு உதவும். ஐப்டேசியாவுக்கு அதை நம்ப முடியாது. தனித் தொட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக் கவனித்துவிட்டுப் பெரிய தொட்டிக்கு மாற்றுவதே பாதுகாப்பு. புதிதாகத் தொட்டி அமைப்போர் உலர்ந்த கற்களைக் கொண்டு தொடங்கலாம்.

தீனியையும் அளந்து போடுங்கள். மிஞ்சும் தீனி நம் மீனுக்குப் போகாமல் களைக்குப் போகிறது.

கடலுக்கும் கால்வாய்க்கும் வேண்டாம்

அலுத்துப்போன சிலர் கல்லையும் உயிர்களையும் கடலில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என நினைப்பதுண்டு. செய்யாதீர்கள். விலங்குகளை வெளியில் விடவேண்டாம் என்று தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் விசாக தினத்தையொட்டி நினைவூட்டி வருகிறது. தொட்டியில் வளர்ந்த உயிரோடு நோயும் புதிய இனங்களும் கடலுக்குப் போய்ச்சேரும்.

ஜூரோங்வாசிகளுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. இன்றைய ஜூரோங் தீவு, பல சிறு தீவுகளுக்கு இடையிலான கடலைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. அப்படிப்பட்ட நிலமீட்புப் பணிகளில் சிங்கப்பூர் தன் பவளப் பாறைகளில் பெரும்பகுதியை இழந்தது. எஞ்சியவற்றைக் காக்க 2014ல் சிஸ்டர்ஸ் தீவுகளில் நாட்டின் முதல் கடல்துறைப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 100,000 பவளங்களை நட்டு வளர்க்கும் திட்டம் 2023ல் அறிவிக்கப்பட்டது. ஒருபக்கம் பவளத்தை நட்டுக்கொண்டு, மறுபக்கம் வீட்டுக் களையைக் கடலில் கொட்டுவது முறையல்ல.

தொட்டி நீரை மாற்றும்போது கழிவறை அல்லது குளியலறைக் குழியில் ஊற்றுங்கள். புளோக்கின் கீழுள்ள மழைநீர்க் கால்வாயில் வேண்டாம். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி; அங்கு கால்வாயில் ஊற்றுவது நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது.

முழுமையாக ஒழியுமா?

ஒழிப்பது கடினம், கட்டுக்குள் வைத்திருப்பது எளிது. கண்ணில் படும் முதல் ஐப்டேசியாவை அன்றே சரியான முறையில் கொல்பவருக்கு அது பெரிய தொல்லையாவதில்லை. கல்லின் அடியில் ஒன்றிரண்டு எஞ்சியிருந்தாலும் பவளங்கள் செழிக்கும் தொட்டிகள் ஏராளம்.

ஜூரோங் வெஸ்ட் நண்பர் இடுக்கியை எடுத்து வைத்துவிட்டார். வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை காலை, சிரிஞ்ச்சும் சுண்ணாம்புக் கரைசலுமாக அரை மணி நேரம். நான்கு மாதத்தில் இருபது மூன்றாகக் குறைந்தது. சுருங்கிக் கிடந்த பவளம் மீண்டும் விரிந்துள்ளது.