வந்துபோகும் ஆசிரியரும் பள்ளித் தலைமையும்: வித்துராவை முன்வைத்து

கேரளத்தில் உள்ளடக்கிய கல்வி பற்றிய விவாதம் சிறப்பு ஆசிரியர்களின் எண்ணிக்கையையே சுற்றி வருகிறது. காரணம் இல்லாமல் இல்லை. சிறப்பு ஆசிரியர் நியமனம் பற்றிய ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 2022 ஜூனில் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை திருத்தப்பட்டது. மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களில் 5-ஆம் வகுப்பு வரை 10 பேருக்கும், 6 முதல் 8 வரை 15 பேருக்கும் ஒரு சிறப்பு ஆசிரியர் என்று விகிதம் வகுக்கப்பட்டது. ஆனால் இந்த விகிதம் முழுமையாக நடைமுறைக்கு வந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சும். அந்தக் குழந்தைகளைப் பற்றிய முடிவுகளைப் பள்ளிக்குள் எடுப்பது யார்?

இந்தக் கேள்வியை ஓர் ஊரை வைத்துப் பார்ப்போம். திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், பொன்முடி மலையடிவாரத்தில் இருக்கிறது வித்துரா. காட்டை ஒட்டிக் காணிக்காரர் பழங்குடியினரின் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. மேலே போணக்காட்டில் நலிந்துபோன தேயிலைத் தோட்டம். பேச்சு, கேட்கும் திறன் பரிசோதனைக்கு ஆக்குளத்தில் உள்ள நிஷ் நிறுவனத்துக்கோ, மருத்துவக் கல்லூரி வளாகத்துக் குழந்தை வளர்ச்சி மையத்துக்கோ போவதென்றால் பெற்றோருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். இத்தகைய இடத்தில் பள்ளியால்தான் குடும்பத்தையும் மருத்துவமனையையும் தேர்வுத் துறையையும் இணைக்க முடியும்.

இணைக்கும் வேலை இப்போது அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷா கேரளத்தின் வட்டார வள மையத்தை (பி.ஆர்.சி.) சேர்ந்த சிறப்பு ஆசிரியரின் தலையில் விழுகிறது. பெரும்பாலும் ஒப்பந்தப் பணி. ஒருவரே பல பள்ளிகளைப் பார்ப்பார். படுக்கையில் கிடக்கும் குழந்தைகளின் வீட்டுக்கும் போய்க் கற்பிப்பார். அவருடைய அர்ப்பணிப்பில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அவர் வராத நாட்களில்தான் பள்ளியின் பெரும்பகுதி நடக்கிறது. நடக்க முடியாத மாணவனின் வகுப்பு எந்தத் தளத்தில் இருக்க வேண்டும்? சிறப்புப் பயிற்சிக்கான வள அறைக்கு அழைத்துச் செல்ல எந்தப் பாடவேளையை எடுப்பது? விளையாட்டு வேளையை எடுத்தால், மற்ற குழந்தைகளோடு அவன் சேர்ந்திருக்கும் சிறு நேரமும் பறிபோகிறதே. சுற்றுலாவுக்கு அவனை அழைத்துப் போவதா? தனித்தனியே பார்த்தால் இவை அன்றாட நிர்வாகம். சேர்த்துப் பார்த்தால், குழந்தை பள்ளியைச் சேர்ந்தவனா இல்லையா என்பதை இவையே தீர்மானிக்கின்றன. வெளியிலிருந்து வரும் ஒப்பந்த ஆசிரியர் இவற்றில் ஆலோசனை சொல்லலாம். சக ஆசிரியர்களுக்கு உத்தரவிடும் தகுதி அவருக்கு இல்லை.

இங்கிலாந்தின் அனுபவம் இங்கே பயன்படும். 1994-இன் சிறப்புக் கல்வி நடைமுறை நெறித்தொகுப்பு ஒவ்வொரு சாதாரணப் பள்ளியும் சிறப்புத் தேவை ஒருங்கிணைப்பாளரை வைக்க வேண்டும் என்றது. 2009 முதல் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்குத் தனிச் சான்றிதழ் கட்டாயமானது. 2015-இன் நெறித்தொகுப்பு, அவர் பள்ளியின் தலைமைக் குழுவில் இருக்கும்போதுதான் முழுப் பயன் விளையும் என்கிறது. கட்டாயம் என்று சொல்லவில்லை. அந்தத் தயக்கத்துக்கு விலை உண்டு. தலைமைக் குழுவில் இடம் பெறாதவர்கள் படிவங்களுக்குள் மூழ்குவது அங்கு நெடுங்காலப் புகார். பதவிப் பெயரை மட்டும் கடன் வாங்கினால் நமக்கும் அதுவே நேரும்.

கேரளத்தில் புதிய குழு எதையும் உருவாக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் எஸ்.ஆர்.ஜி. எனப்படும் பள்ளி வளக் குழு கூடுகிறது; பாடத்திட்டமும் மாணவர் முன்னேற்றமும் அங்கேதான் பேசப்படுகின்றன. பள்ளியின் நிரந்தர ஆசிரியர் ஒருவரை ஒருங்கிணைப்பாளராக்கி அந்தக் குழுவில் அமர்த்த வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. சிறப்பு ஆசிரியரின் நிபுணத்துவம் வேறு, ஒருங்கிணைப்பாளரின் அதிகாரம் வேறு. இரண்டையும் ஒருவரிடம் எதிர்பார்த்ததால்தான் இரண்டும் பலவீனமாயின.

காணிக்காரர் குழந்தைகள் விஷயத்தில் இந்தப் பொறுப்புப் பிரிப்பு இன்னும் அவசியம். வீட்டில் காணிப் பேச்சு வழக்கைப் பேசும் குழந்தை மலையாள வகுப்பில் மௌனமாக இருந்தால், அது கற்றல் குறைபாடா, மொழியின் தூரமா? ஒரு நாள் வந்து சோதிப்பவரால் இதைப் பிரித்தறிவது கடினம். மாதக்கணக்கில் அக்குழந்தையின் விளையாட்டையும் தோழமையையும் பார்த்த ஒருவர் உள்ளேயே இருக்க வேண்டும். தவறாக ஒட்டப்படும் அடையாளம் பத்தாம் வகுப்பு வரை கூடவே வரும். உண்மையான குறைபாடு தவறவிடப்பட்டால் இழப்பு அதைவிடப் பெரிது.

தனியாக ஒருவரை நியமித்தால் மற்ற ஆசிரியர்கள் கைகழுவிவிடுவார்கள் என்ற மறுப்பு வலுவானது. ஆனால் இன்றைய ஏற்பாடு அந்த ஆபத்தை ஏற்கெனவே உண்டாக்கிவிட்டது: “அது பி.ஆர்.சி. டீச்சரின் வேலை” என்று ஒதுங்குவது எளிது. சக ஆசிரியராக, அதே ஊழியர் அறையில் அமர்ந்திருப்பவர் கேள்வி கேட்டால் அவ்வளவு எளிதில் ஒதுங்க முடியாது.

மேல்நிலைப் பிரிவும் உள்ள பள்ளிகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பள்ளிக் கல்விச் சீர்திருத்தத்துக்கான காதர் குழுவின் பரிந்துரையை ஏற்று 2019-இல் பள்ளிக் கல்வி இயக்குநரகங்கள் இணைக்கப்பட்டன. ஆனாலும் பத்தாம் வகுப்பு வரை ஒரு நிர்வாகம், அதற்கு மேல் இன்னொன்று என்ற பழக்கம் எளிதில் மாறுவதில்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் சொல்வதை எழுதும் உதவியாளரும் கூடுதல் நேரமும் பெற்ற மாணவி, பிளஸ் ஒன் வகுப்பில் சேரும்போது தன் தேவையை முதலிலிருந்து நிரூபிக்கும்படி விடக்கூடாது. இரு பிரிவுகளுக்கும் பொதுவான ஒருங்கிணைப்பாளர் இருந்தால் அவளுடைய கோப்பு அவளோடு போகும்.

இந்தப் பணிக்காக ஒருங்கிணைப்பாளருக்கு வாரத்தில் சில பாடவேளைகளாவது விடுவிக்கப்பட வேண்டும். கேரளக் கல்வி விதிகள் மாணவர் எண்ணிக்கையை வைத்தே பணியிடங்களை நிர்ணயிப்பதால், ஒருங்கிணைப்புக்குச் செலவாகும் நேரம் அந்தக் கணக்கில் வருவதில்லை. திருத்தம் அங்கேதான் தொடங்க வேண்டும்.